“வாய் வழியாகத்தான், மேடம்”

அரசு மருத்துவமனையில் ஹெச்.ஐ.வி. ஆலோசனையும் சோதனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக உட்கார்ந்திருக்கிறேன். ஆணுறை இல்லாமல் உறவு கொண்டதாகச் சொல்ல வருபவர்களில் ஒரு சாரார் குரலைத் தாழ்த்தி, “வாய் வழியாகத்தான், மேடம்” என்பார்கள். சொல்லிவிட்டு, ஆணுறை மாட்டிக் காட்டுவதற்காக மேசைமேல் வைத்திருக்கும் மர மாதிரியின் பக்கம் பார்வை போகாமல் இருக்கப் படாத பாடு படுவார்கள்.

“யார் வாயில்?” என்பதே என் முதல் கேள்வி. காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்கும் குரலிலேயே கேட்டுவிடுவேன். தயங்கிக் கேட்டால் பதிலும் தயங்கித்தான் வரும். எதிராளியின் வாயில் தன் உறுப்பை வைத்தவருக்குப் பட்டது எச்சில். எச்சிலால் ஹெச்.ஐ.வி. பரவுவதில்லை. வாயில் வாங்கியவருக்கு, விந்து உள்ளே விழுந்திருந்தால், ஈறில் ரத்தக் கசிவோ புண்ணோ இருந்தால், சிறிது அபாயம் உண்டு. அப்போதும் யோனி வழி, ஆசனவாய் வழி உறவோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு.

“எத்தனை சதவீதம்?” என்று விடாப்பிடியாகக் கேட்பவர்கள் உண்டு. எண் சொல்ல எனக்கு விருப்பமில்லை. வாய்வழி உறவோடு மட்டும் நிற்பவர்கள் அரிது என்பதால் அதைத் தனியாகப் பிரித்து அளப்பது ஆய்வாளர்களுக்கே கடினம். அதோடு, பயந்தவன் காதில் பத்தாயிரத்தில் ஒன்று என்பதில் ‘ஒன்று’ மட்டும்தான் விழும்.

பேச்சு ஓடும்போது மறுபடியும் ஒருமுறை கேட்பேன். “நடுவில் வேறு மாதிரியும்... ஆணுறை கிழிந்துவிட்டது” என்று அப்போதுதான் சிலருக்கு வாய் வரும். அந்த இடத்தில் கணக்கே மாறிவிடுகிறது. 72 மணி நேரத்துக்குள் என்றால் தடுப்பு மாத்திரை தொடங்கலாம், 28 நாள் சாப்பிட வேண்டும். ஆறுதல் வார்த்தைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நேராக ஹெச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்து மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன்.

ஓர் இளைஞர் வந்தார். வாய் வைத்தது அவர்தான். இரவுதோறும் மொபைல் டார்ச் அடித்து நாக்கைப் படமெடுத்து, வெண்படலம் கூடுகிறதா குறைகிறதா என்று தேதிவாரியாகச் சேர்த்து வைத்திருந்தார். சம்பவம் நடந்த ஐந்தாம் நாளே தனியார் ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்து, ‘இல்லை’ என்று வந்த முடிவையும் நீட்டினார். ஐந்தாம் நாள் சோதனை அந்தச் சம்பவத்துக்கு முந்தைய வாழ்க்கையைப் பற்றித்தான் சொல்லும். எங்கள் விரைவுச் சோதனை வைரஸை அல்ல, அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது. அது உருவாக நாளாகும். மூன்று மாதம் கழித்து வருவதே உறுதியான முடிவு. வைரஸின் கூறையும் சேர்த்துத் தேடும், ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனை என்றால் 45 நாள் போதும்.

நான் அதிகம் கவலைப்பட்டது சிபிலிஸ் எனும் மேகப்புண், கொனோரியா எனும் வெட்டை ஆகியவற்றைப் பற்றி. வாய்வழி உறவில் இவை தாராளமாகப் பரவும். தொண்டையில் வெட்டை இருந்தாலும் பெரும்பாலும் அறிகுறியே தெரியாது. சிறுநீர்ச் சோதனையில் அது அகப்படாது. தொண்டையில் பஞ்சுக்குச்சி வைத்துத்தான் எடுக்க வேண்டும். மேகப்புண்ணோ வலிக்காது, சில வாரங்களில் தானாக ஆறியும்விடும். நோய் மட்டும் உள்ளே தங்கிவிடும். பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போகச் சொன்னபோது, “அந்த வரிசையில் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால்?” என்று நழுவிவிட்டார். ஹெச்.ஐ.வி.க்கு நாள்தோறும் ரத்தம் கொடுக்கத் தயாராக இருந்தவர் அவர்!

மூன்று மாதம் கழித்து வந்தார். ஹெச்.ஐ.வி. இல்லை. கையோடு எடுத்த சிபிலிஸ் சோதனையில் இருக்கிறது என்று வந்தது, டி.பி.ஹெச்.ஏ. சோதனையும் அதை உறுதிசெய்தது. நடுவில் உதட்டில் ஒரு புண் வந்ததாம். வலிக்காததால் வாய்ப்புண் என்று பி-காம்ப்ளக்ஸ் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். நாக்குப் படங்களின் ஓரத்தில் அதுவும் விழுந்திருந்தது.

“ஹெச்.ஐ.வி. இல்லையே, அது போதும் மேடம்” என்று எழுந்தவரை உட்கார வைத்தேன். பென்சாதின் பென்சிலின், 24 லட்சம் யூனிட், இடுப்பில் ஊசியாகப் போட வேண்டும். மனைவியையும் சோதிக்க வேண்டும் என்றேன். வயிற்றிலுள்ள குழந்தைக்கும் சிபிலிஸ் தொற்றும் என்பதால், அவர் கர்ப்பமாக இருக்கிறாரா என்று கேட்டேன். “நாள் தள்ளிப்போயிருக்கிறது” என்றார். மறுநாள் காலையிலேயே அழைத்து வரச் சொன்னேன்.