கரும்பலகையில் கீறாத வைரசு

உயர்தர உயிரியல் வகுப்பில் நாம் கொப்பியில் கீறிய அந்தப் படம் பலருக்கும் மறந்திருக்காது: பற்றீரியாவின் மேல் கால் ஊன்றி நிற்கும் வைரசு. உள்ளே இறங்கும், பெருகும், கலத்தை உடைத்து வெளியே வரும். ஆனால் செத்த கலம் புற்றாகாது. புற்றுநோய் தரும் வைரசுகளுக்கு அந்தப் படம் பொருந்தாது.

1911இல் நியூயோர்க்கில் பேட்டன் ரௌஸ் கோழிக் கட்டியை அரைத்து, கலங்கள் புகாத வடியில் வடித்து, அந்தத் திரவத்தை வேறு கோழிகளுக்கு ஏற்றினார், கட்டி வந்தது. அந்த வைரசு சுமந்தது கோழியின் சொந்தப் பரம்பரையலகு ஒன்றின் திரிந்த வடிவத்தையே என்பது 1976இல்தான் வெளியானது.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தரும் பப்பிலோமா வைரசின் வழி வேறு. அதன் டி.என்.ஏ. ஏறத்தாழ 8000 காரச் சோடிகள்தான். தன்னைப் படியெடுக்கும் நொதியம்கூட அதனிடம் இல்லை. கலத்தின் நொதியங்களைக் கடன் வாங்க வேண்டும். ஆனால் மேற்படையின் கலங்கள் பிரிவதை நிறுத்தியவை. ஆகவே ஈ7 என்ற புரதம், பிரிவைத் தடுத்து வைத்திருக்கும் ஆர்.பி. புரதத்தைப் பிடித்து அழிக்கிறது. பிழையை உணர்ந்த கலம் பி53 என்ற புரதத்தின் மூலம் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளப் பார்க்கும். ஈ6 அந்த பி53ஐக் கலத்தின் சொந்தக் கழிவகற்றும் பொறியிடமே ஒப்படைத்துவிடுகிறது. படிப்பிக்க வேண்டிய இடம் இதுதான்: இவ்வளவும் வைரசு பெருகுவதற்கான ஏற்பாடு, புற்றுநோய்க்கானது அல்ல.

ஈ2 என்ற இன்னொரு புரதம் ஈ6, ஈ7 இரண்டையும் அளவோடு வைத்திருக்கும். வைரசின் வளைய வடிவ டி.என்.ஏ. ஈ2 இருக்கும் இடத்தில் அறுந்து நம் நிறமூர்த்தத்தில் செருகிக்கொண்டால், கடிவாளம் போய்விடும். அப்போது வைரசாலும் பெருக முடியாது. கலம் மட்டும் பிரிந்துகொண்டே இருக்கும், டி.என்.ஏ. பிழைகள் திருத்தப்படாமல் சேரும். பெரும்பாலான தொற்றுகளை உடல் இரண்டு ஆண்டுகளுக்குள் அகற்றிவிடும். தங்கிவிட்டவை புற்றாகப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் செல்லும். ஒரு பெண்ணின் கருப்பைக் கழுத்துப் புற்றிலிருந்து எடுத்து 1951இலிருந்து ஆய்வுகூடங்களில் வளர்க்கும் ஹீலா கலங்களில் பப்பிலோமா வைரசின் 18ஆம் வகையின் டி.என்.ஏ. செருகியிருக்கிறது. ஈ2ஐ மீண்டும் அவற்றுள் செலுத்தினால் இன்றும் பிரிவு நின்றுவிடுகிறது.

பப்பிலோமா வைரசுக்கான தடுப்பூசியில் இருப்பது டி.என்.ஏ. இல்லாத வெறும் கோது. அது வைரசு நுழைவதைத்தான் தடுக்கும், நுழைந்ததை அகற்றாது. இலங்கையில் 2017 முதல் ஆறாம் தரத்து மாணவிகளுக்கே அதைக் கொடுப்பது அதனால்தான். எல்லா வகைகளையும் அது மறிக்காது. ஊசி போட்ட சகோதரிகளும், தாம் வாழும் நாட்டில் அழைப்புக் கடிதம் வரும்போது கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்குப் போகவேண்டும்.