மழையைக் கேட்டுப் போடும் நடைப்பயணத் திட்டம்

இமயமலை, மேகாலயா, தார் பாலைவனம் மூன்றிலும் நடந்துவிட வேண்டும் என்று நானும் அத்தை மகனும் ஒரு நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம். எங்கே போவது என்பது ஒரே மாலையில் முடிவாகிவிட்டது. எப்போது போவது என்பதற்குத்தான் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருந்தது.

மதுரைக்காரர்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். நாட்டின் பெரும்பகுதிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை. அந்த மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலை மேகத்தை மறித்துக்கொள்வதால் நமக்கு வருவது பெரும்பாலும் காற்றுதான். நம்மூர்க் காலண்டரை நம்பி வடக்கே கிளம்பினால் கஷ்டம்.

உத்தராகண்டில் உள்ள பூக்களின் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். யுனெஸ்கோ 2005-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம். ஜூனில் திறந்து அக்டோபர் கடைசியில் மூடிவிடுவார்கள். பூ நிறைந்து கிடப்பது ஜூலை, ஆகஸ்டில். ரிஷிகேஷிலிருந்து கோவிந்த்காட் போகிற சாலையில் மண் சரிவதும் அதே மாதங்களில்தான். பூ வேண்டுமென்றால் மழையையும் ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். அதனால் இந்தப் பயணத்துக்கு மட்டும் கையில் கூடுதலாக நாள் வைத்திருக்கிறோம். மதுரையிலிருந்து சம்பர்க் கிராந்தி ரயிலில் டெல்லி போய்ச் சேரவே ஏறக்குறைய 2 நாள். முன்பதிவு 60 நாளைக்கு முன்புதான் திறக்கும் என்பதால் அந்தத் தேதியைத் தவறவிடக் கூடாது.

மேகாலயாவுக்கு நவம்பர் கடைசி. அத்தி இன மரத்தின் வேர்களை ஓடைக்குக் குறுக்கே வளைத்து அங்குள்ள காசிப் பழங்குடி மக்கள் வளர்த்தெடுத்த பாலங்களை நோங்ரியாட் கிராமத்தில் பார்க்கலாம். போக 3000-க்கும் மேற்பட்ட படிகள். சிரபுஞ்சிப் பக்கத்து மழையில் அந்தப் படிகளில் கால் வைக்கப் பயம், அதனால்தான் காய்ந்த மாதம். தார் பாலைவனத்து ஜெய்சல்மேர் மணலுக்கு ஜனவரி. அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

நோங்ரியாட்டில் முதலில் இறக்கம், களைத்துத் திரும்பும்போதுதான் ஏற்றம். அதற்குப் பழக எங்களுக்குக் கிடைத்தது மதுரைக்குப் பக்கத்தில் உள்ள கீழக்குயில்குடி சமணர் மலை. விடியற்காலையில் தாமரைக் குளத்தையும் ஆலமரத்தையும் தாண்டிப் பாறையில் வெட்டிய படிகளில் ஏறுகிறோம். பேச்சிப்பள்ளம் வந்ததும் கால் தானாக நின்றுவிடும். ஒரே வரிசையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், அவற்றின் அடியில் பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்து. சாய்ந்த வெயில் விழும் நேரத்தில் எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கி, ஒவ்வொரு சுழியும் தனியாகத் தெரியும். எட்டு மணிக்கு மேல் போனால் பாறை வெளுத்துவிடும், ஒன்றும் தெரியாது. மேலே போய்விட்டு உடனே இறங்குவோம், மறுபடி ஏறுவோம். முழங்கால் இறக்கத்தில்தான் வலிக்கும்.

அப்புறம் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். குன்றுகளுக்கு மேலே வல்லூறு வட்டமிடுவதைக் கண்மாய்க்கரையில் நின்றே பார்க்கலாம். இந்தப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றதும், 2025 ஜனவரியில் மேலூர் வட்டாரத்து மக்கள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை வரை நடந்தே வந்து எதிர்த்தார்கள். அதே மாதம் மத்திய அரசு சுரங்க ஏலத்தை ரத்து செய்தது. எனக்குத் தெரிந்து நம் பக்கத்தில் நடந்த மிகப் பெரிய நடைப்பயணம் அதுதான். ஊரைக் காப்பாற்ற நடந்தவர்கள் அவர்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கோடையில் நம் காடுகளுக்குள் அனுமதி இல்லாமல் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் நடக்கப் போனவர்கள் பலர் உயிரிழந்தார்கள். இப்போது வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகளுக்கு இணையத்திலேயே முன்பதிவு செய்யலாம், வழிகாட்டியும் கூட வருவார். இமயமலைக்கு முன்னால் ஒரு பாதையாவது அதில் நடந்து பார்ப்பது என்று வைத்திருக்கிறோம். தேனிப் பக்கம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.