ப்ளஸ் போட்ட வண்டி

இவரு கரண்ட் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆன அன்னிக்குப் போட்ட மாலை வாடறதுக்குள்ள ஒரு பழைய டெம்போ ட்ராவலர விலை பேசி முடிச்சிட்டு வந்து நின்னாரு. அதுக்குள்ள கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் வச்சுட்டு ரெண்டு பேரும் ஊர் ஊரா போய் இருக்கலாம், அம்மாபேட்டை வீட்ட வாடகைக்கு விட்டா டீசலுக்கு ஆச்சுன்னாரு. நானும் சரின்னுட்டேன். ஏன் சரின்னேன்னு எட்டு மாசமா யோசிச்சிட்டு இருக்கேன்.

வண்டிய நாமக்கல்ல லாரிக்கு பாடி கட்டறவர்கிட்ட குடுத்தோம். அந்தண்ணனுக்குக் கேரவன்னா சினிமாக்காரங்க கேரவன் தான், மேக்கப் கண்ணாடி எந்தப் பக்கம் வைக்கட்டும்மான்னு தான் முதல் கேள்வியே. அப்பறம் நான் மசாலா டப்பா வைக்க ஒரு ஷெல்ஃப் வேணும்னதும் பென்சில காதுல சொருகிட்டு ரொம்ப சீரியஸா, எத்தன டன் லோடு வரும்னாரு. அண்ணே, மஞ்சத்தூளும் உளுந்தும் தான்னேன். ஆனாலும் கை பழக்கம் விடுமா, சட்டம் போட்டு, போல்ட் போட்டு, தார்பாய் கட்டற கொக்கி நாலு வெல்டிங் வச்சுக் குடுத்தாரு. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல காட்டி ஆர்.சி.ல மாத்தி வாங்கின கதைய எழுதினா அது தனியா ஒரு பதிவு ஓடும், விடுங்க.

உள்ள 12 அடி நீளம், 6 அடி அகலம். ஒருத்தர் திரும்பணும்னா இன்னொருத்தர் கட்டில்ல ஏறி காலத் தூக்கி வச்சுக்கணும். சண்டை போட்டா கோவிச்சிட்டுப் போக அடுத்த ரூம் கிடையாது, டிரைவர் சீட்டுக்குத் தான் போகணும், அங்க போய் மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு உக்காந்தா ரோட்டுல போறவங்க நான் வண்டிய எடுக்கப் போறேன்னு பயந்து ஒதுங்கறாங்க. கரண்ட்டுக்குக் கூரை மேல 400 வாட்ஸ் சோலார், கட்டிலுக்கு அடில லித்தியம் பேட்டரி. மேகம் போட்டா சார்ஜ் ஏறாது. மிக்சி போட்டா பேட்டரி சரசரன்னு எறங்கும். இவருக்கு சர்வீஸ் முடிஞ்சாலும் அந்த புத்தி போகல, 72 சதுர அடி வீட்டுக்குள்ள எனக்கு பவர்கட் அறிவிப்பு வருது, பகல் 11ல இருந்து 2 வரைக்கும் தான் சட்னி, மீதி நேரம் இட்லிப் பொடி.

வண்டிக்கு வெளில ஒரு சின்னப் பொட்டி இருக்கு, வெயில் பத்தலைன்னா மடக்கற சோலார் பிளேட்ட கொண்டாந்து அதுல சொருகறதுக்கு. அது மேல இவரு செவப்பு பெயிண்ட்ல ஒரு ப்ளஸ்ஸும் கறுப்புல ஒரு மைனஸும் எழுதி வச்சாரு. ஒரு சாண் உசரத்துக்கு. எதுக்குங்க இத்தாம்பெருசுன்னா, சப்ஸ்டேஷன் பேட்டரி ரூம்ல ப்ளஸ் மைனஸ மாத்திக் குடுத்து பொசுக்குனவங்கள நான் பாத்திருக்கேன், உனக்கென்ன தெரியும்னாரு. எனக்கென்ன தெரியும். வெள்ளை வண்டி, செவப்பு ப்ளஸ். இத மட்டும் ஞாபகத்துல வச்சுக்கங்க.

ஏப்ரல் மாசம் ஊர் பக்கம் வந்தோம். சேலத்துல ஏப்ரல்னா உங்களுக்கே தெரியும், தகரப் பொட்டிக்குள்ள எங்க ரெண்டு பேரையும் வச்சு இட்லி மாதிரி வேக வச்சுது. சரி நம்ம வீட்ட ஒரு எட்டு பாத்துட்டு, தண்ணி ரொப்பிட்டுப் போலாம்னு அம்மாபேட்டைக்குப் போனா எங்க சொந்தத் தெருவுக்குள்ளயே வண்டி நுழையல. நான் எறங்கி பின்னாடி நின்னு வா வா வா, ரைட்டுல ஒடிங்கன்னா, உன் ரைட்டா என் ரைட்டான்னு இவரு கத்த, கடைசில வண்டிய மெயின் ரோட்டுலயே விட்டுட்டு நடந்து போனோம். எங்க வீட்டு வாசல்ல குடியிருக்கறவரு நின்னுட்டு, வாங்க வாங்க, மோர் சாப்பிடறீங்களான்னு எங்கள விருந்தாளியா கூப்பிடறாரு. எங்க ஊஞ்சல்ல உக்காந்து எங்க ஃபேன் காத்துல மோர் குடிச்சிட்டு, 8 குடம் தண்ணி கடன் வாங்கிட்டு வந்தோம்.

அப்பறம் எங்க போறது, ஏற்காடு தான். கண்ணுக்கு எதிர்க்க மலைய வச்சுட்டு வேகறதுக்கு எங்களுக்கு என்ன தலையெழுத்தா. கடைல தட்டுவடை 6 பாக்கெட் வாங்கிப் போட்டுட்டு ஏறினோம், 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் உள்ள இருக்கற கரண்டிங்க எல்லாம் ஒரு தடவ இந்தப் பக்கமும் ஒரு தடவ அந்தப் பக்கமும் ஊர்வலம் போச்சு. மேல போய் பாத்தா தட்டுவடை பாக்கெட் ஒவ்வொண்ணும் தலகாணி மாதிரி உப்பி நிக்குது. மேல போகப் போக காத்தழுத்தம் கம்மி, உள்ள அடைச்ச காத்து விரியுதுன்னு இவரு விளக்கம் குடுத்துட்டே ஒண்ணப் பிரிச்சாரு, அந்த மனுஷனுக்கு விஞ்ஞானம் எல்லாம் தின்றதுல தான் முடியும். கிட்டத்தட்ட 5,000 அடி உசரம், தண்ணி 95 டிகிரிலயே கொதிச்சிரும், ஆனா பருப்பு வேகாது. கீழ 4 விசில், மேல 6 விசில், அவ்ளோ கேஸ்.

இந்த மாதிரி வீட்டுல இருக்கறவங்களுக்கு மலைல பெரிய தலைவலி என்னன்னா மட்டம். வண்டி லேசா சாஞ்சு நின்னாலும் ராத்திரி ஒருத்தர் மேல ஒருத்தர் உருண்டு வந்து விழணும், இந்த வயசுல அதுல ஒரு சுகமும் இல்ல. இவரு பாக்கெட்ல கொத்தனாருங்க வச்சிருக்கற ரசமட்டம் ஒண்ணு எப்பவும் இருக்கும். எனக்கு அதெல்லாம் வேணாம், கல்லுல மாவ ஊத்தினா தெரிஞ்சிரும், தோசை எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்குப் பலகை வைக்கணும். மலைல மட்டமான எடம் எங்கடா கெடைக்கும்னு சுத்தி சுத்தி கடைசில நாகலூர் பக்கம் தெரிஞ்சவங்க எஸ்டேட்ல காபிக் களம் கெடச்சுது. காபி காய வைக்கற சிமெண்ட் களம். பழம் பறிக்கறதெல்லாம் தை மாசிக்குள்ள முடிஞ்சிரும், ஏப்ரல்ல சும்மா தான் கெடக்கும். மேஸ்திரி வந்து, தாராளமா நிறுத்துங்க சார், ரெண்டு நாள் தானன்னாரு. ரெண்டு நாள் தான்னு நாங்களும் நம்பினோம். தோசை முழு நெலா மாதிரி வட்டமா வந்துது. பத்து நாள் முன்னாடி பேஞ்ச மழைக்கு காபிச் செடி பூரா வெள்ளையா பூத்துக் கெடந்து ஒரே மல்லிப்பூ வாசம், ரெண்டு மூணு நாள் தான் இருக்குமாம் அந்தப் பூ. அன்னிக்கு ராத்திரி தான் எட்டு மாசத்துல முதல் தடவையா, பரவால்ல இவர் சொன்னது சரி தானோன்னு நெனச்சேன். நெனச்சிருக்கக் கூடாது.

விடிகாலைல வண்டி ஆடுச்சு. லேசா இல்ல, நல்லா. ஏற்காட்டுல காட்டுமாடு எஸ்டேட்டுக்குள்ள வரும்னு மேஸ்திரி சொல்லியிருந்தாரு, அது தான் வந்து முதுகத் தேய்க்குதுன்னு எனக்கு உசுரே போச்சு. இவர எழுப்பினா போர்வைய இழுத்துக்கிட்டு, ஹாரன் அடிச்சா ஓடிரும்னுட்டு திரும்பிப் படுத்துட்டாரு. மெதுவா ஜன்னல் திரைய வெலக்கிப் பாத்தா காட்டுமாடும் இல்ல ஒண்ணும் இல்ல, வண்டிப் படில ஒரு ஆயா ஏறி நின்னுட்டு கதவப் புடிச்சு ஆட்டுது. கீழ இன்னும் ஏழெட்டு ஆயாங்க, ரெண்டு தாத்தா, எல்லாரும் சால்வையப் போத்திட்டு பனில வரிசையா குத்த வச்சிருக்காங்க.

"டாக்டரம்மா எந்திரிச்சிட்டியா கண்ணு?"

நான் நைட்டில நிக்கறேன். எனக்கு ஒண்ணும் புரியல. நான் டாக்டர் இல்ல ஆயா, இது வீடுன்னேன். ஆயா என்னையும் பாத்துது, வண்டியவும் பாத்துது, சக்கரத்தப் பாத்துது. "சொம்மா சொல்லாத கண்ணு, அதான் குறி போட்டிருக்கே." கை காட்டின எடத்துல செவப்பு ப்ளஸ். மைனஸ் எங்கன்னு பாத்தா நேத்து நான் காயப் போட்ட துண்டு அது மேல தொங்குது.

நடந்தது இது தான். மக்களைத் தேடி மருத்துவம்னு 2021ல இருந்து வீட்டுக்கே வந்து பிபி, சுகர் பாக்கறாங்கல்ல, இவங்க ஊருக்கும் ஒரு பொண்ணு வந்துட்டு இருக்கு. இப்ப வெள்ளை வண்டி ஒண்ணு வந்து களத்துல நிக்கவும், ஓஹோ இந்த தடவ பெரிய டாக்டரே வண்டியோட வந்திருக்காங்கன்னு ராத்திரியே சேதி பரவியிருக்கு. சிலர் 3 கிலோமீட்டர் நடந்து வந்திருக்காங்க. அவங்கள எப்படிங்க திருப்பி அனுப்பறது. எங்ககிட்ட பிபி மெஷின் இருந்துது, இவருக்கு பிபி, அதனால வாங்கினது. ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது, அளந்து நம்பர மட்டும் எழுதித் தருவேன், ஜாஸ்தியா இருந்தா ஏற்காடு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போயிரணும்னு மூணு தடவ சத்தமா சொல்லிட்டு மடக்கு டேபிளப் போட்டேன்.

அளக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் பேசாம உக்காரணும், பேசினா நம்பர் ஏறும். ஆயாங்ககிட்ட இத சொல்லிப் பாருங்க. கைல பட்டியச் சுத்தின நேரத்துல தான் மருமக கதையே ஆரம்பிக்குது. மருமகன்னதும் 150, ஆடு குட்டி போட்டத கேட்டதும் 135.

அன்னிக்கு பாத்ரூம் பொட்டி இவரு முறை. இந்த மாதிரி வண்டில கக்கூஸுக்குக் கீழ ஒரு டேங்க் இருக்கும், சுமார் 20 லிட்டர், வெளிக் கதவத் திறந்து உருவினா சக்கரம், இழுக்கற கைப்பிடி எல்லாம் வச்சு அச்சு அசல் சூட்கேஸ் மாதிரியே வரும். அத எங்கயாவது கக்கூஸ்ல கொண்டு போய் ஊத்தணும். லாட்ஜ், பங்க், கல்யாண மண்டபம்னு கேட்டுக் கேட்டு ஊத்தறது தான் எங்க உலக டூர்ல பாதி வேலை. இவரு அத உருவி கரெக்டா அந்த ப்ளஸ்ஸுக்குக் கீழ வச்சிட்டு, எஸ்டேட் ஆளுங்க குடியிருக்கற லைன் வீட்டு கக்கூஸ் சாவி வாங்க மேஸ்திரியத் தேடிப் போயிட்டாரு.

ஒரு ஆயாவோட பேரன், காலேஜ் படிக்கற பையன், அவ்ளோ மரியாதை. டாக்டரம்மா தனியா கஷ்டப்படறாங்களேன்னு அவனே போய் அந்தப் பொட்டிய உருட்டக் கூட இல்லாம ரெண்டு கையால பூ மாதிரி தூக்கிட்டு வந்து என் டேபிள் மேல, பிபி மெஷினுக்குப் பக்கத்துல வச்சான்.

"மேடம், மருந்துப் பொட்டிய வெளிலயே விட்டுட்டீங்க. உள்ள பாட்டிலு ஒடஞ்சிருச்சோ என்னமோ, தண்ணி மாதிரி சளக் சளக்னு சத்தம் கேக்குது, ஆடாம தான் கொண்டாந்தேன்."

எனக்கு வாய் வரல. அதுக்குள்ள முன்னாடி இருந்த ஆயா மடில இருந்து ஒரு சில்வர் டம்ளர எடுத்து நீட்டுது. "டானிக்கா கண்ணு? எனக்கும் ஒரு வாய் ஊத்து, கை காலெல்லாம் ஒரே கொடச்சல்."

இவரு தூரத்துல இருந்து இதப் பாத்தாரு. கால் வலிக்குதுன்னு பகோடா பாயிண்ட்ல வண்டிய விட்டே எறங்காத மனுஷன், காபிச் செடிக்கு நடுவுல ஓடி வந்தாரு பாருங்க, வந்து பொட்டியத் தூக்கிட்டு ஒரு வார்த்தை பேசாம திரும்ப ஓடினாரு. ஆயாங்கெல்லாம் அவரையே பாத்தாங்க. "யாரு கண்ணு அது?" "எங்க வீட்டுக்காரரு." "மூச்சு வாங்குது பாரு, மூஞ்சி செவந்து கெடக்கு, மொதல்ல அதப் புடிச்சு அளந்து பாரு."

திரும்பி வந்தவர ரெண்டு ஆயா புடிச்சு உக்கார வச்சு, அஞ்சு நிமிஷம் வாயத் தொறக்கக் கூடாதுன்னு என் டயலாக்கையே அவருக்குச் சொல்லி, இன்னொரு ஆயா சட்டைக் கையச் சுருட்டி விட்டுது. 168க்கு 104. அன்னிக்கு வந்த 23 பேர்ல இவரு தான் முதல் ரேங்க். ஓடி வந்ததால ஏறியிருக்கும்னு அரை மணி கழிச்சுப் பாத்தேன், 160க்கு கீழ எறங்கல. சந்தேகப்பட்டு மசாலா ஷெல்ஃப்ல கொத்தமல்லி டப்பாவுக்குப் பின்னாடி கைய விட்டா மாத்திரை அட்டை மூணு, பிரிக்காம அப்படியே இருக்கு. டப்பாவுக்குப் பின்னாடி இருந்துது, கண்ணுக்குத் தெரியலங்கறாரு. 72 சதுர அடில.

அதுக்கப்பறம் எங்களால அந்த எடத்த விட்டுக் கெளம்ப முடியல. தெனம் காலைல யாராவது ஒரு ஆயா வந்து படில ஏறி வண்டிய ஆட்டும், "மாத்திரை போட்டியா சாமி?" போட்டேன்னு சொன்னா போதாது, அட்டையக் காட்டணும். தட்டுவடை மீதிப் பாக்கெட்டையும் உப்பு ஆகாதுன்னு பேரப் பிள்ளைங்களுக்கு வாங்கிட்டுப் போயிட்டாங்க. தூக்குப் போசில சாமைக் கஞ்சி வந்துது, ஊறுகா வரல. நான் 35 வருஷமா சொன்னத காதுல வாங்காத மனுஷன், பொக்கை வாய் ஆயாவுக்கு முன்னாடி வாயத் தொறந்து மாத்திரைய முழுங்கிட்டேன்னு காட்டறாரு. இடைல டவுன் ஆஸ்பத்திரிலயும் போய் காட்டிட்டு வந்தோம், ஒழுங்கா போட்டா போதும்னு அதே மாத்திரையத் தான் சொன்னாங்க. ஒம்பதாம் நாள் 138க்கு 88.

அந்த ப்ளஸ்ஸ அழிங்கன்னு கேட்டுப் பாத்துட்டேன், அது பாதுகாப்பு விஷயம்னு ஒத்துக்கவே இல்ல, அதனால துண்டு காயப் போடற கயித்த நான் ப்ளஸ் பக்கம் மாத்திக் கட்டிட்டேன். கெளம்பற அன்னிக்கு ஆளாளுக்கு ஒண்ணு கொண்டாந்தாங்க, கொஞ்சம் மொளகு, சௌசௌ ஒரு பை, அந்த டம்ளர் ஆயா மட்டும் பேரன் தலைல ரெண்டு பலாப்பழம் ஏத்திட்டு வந்துது, ஒவ்வொண்ணும் 15 கிலோவாவது இருக்கும். வேணாம்னு சொல்ல முடியுமா. கீழ வச்சா 20 வளைவுலயும் உருண்டு வந்து கால ஒடைக்கும். மசாலா டப்பாவெல்லாம் கட்டில்ல கொட்டிட்டு ரெண்டையும் தூக்கி ஷெல்ஃப்ல ஏத்தி, அந்த நாலு தார்பாய் கொக்கில கயிறு குடுத்து இழுத்துக் கட்டினேன். ரெண்டாவது கியர்லயே அடிவாரம் வரைக்கும் எறங்கினோம், பலாப்பழம் ஒரு இஞ்ச் அசையல. அடிவாரத்துல டீக்கடைல நிறுத்தி, சக்கரை கம்மியா ரெண்டு டீ சொல்லிட்டு நாமக்கல் அண்ணனுக்கு போன் போட்டேன்.

"நான் தான் அன்னிக்கே கேட்டனேம்மா" ன்னாரு.