லோயர் ஆர்ம் போல்ட்டின் மரை போனால்

பல சிறிய கார்களில், முன்சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மைப் பிடித்திருக்கும் போல்ட், கிராஸ் மெம்பர் என்னும் பெட்டிச் சட்டத்தின் உட்புறம் வெல்ட் செய்யப்பட்ட நட்டில் இறங்குகிறது. அந்த நட்டில் ஸ்பேனர் போட இயலாது. நட்டைத் தாண்டி உள்ளே நீண்டிருக்கும் போல்ட்டின் நுனி ஆண்டுக்கணக்காகச் சேற்றிலும் ஈரத்திலும் துருவேறிக் கிடப்பதால், புஷ் (ஆர்மின் முனையில் உலோகக் குழாயைச் சூழ்ந்திருக்கும் ரப்பர் உருளை) மாற்றுவதற்காக அதைக் கழற்றும்போது அத்துரு நட்டின் மரைகளையும் வழித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. என் பழைய காரில் நிகழ்ந்தது இதுதான். புதிய போல்ட்டைப் போட்டபோது, இறுக வேண்டிய தருணத்தில் அது வெறுமனே சுற்றியது.

டெஃப்லான் டேப் சுற்றலாம், எபாக்சி பசை ஊற்றலாம், போல்ட்டின் தலையைச் சட்டத்தோடு வெல்ட் செய்துவிடலாம் என்று ஆலோசனை சொல்வோர் உண்டு. சஸ்பென்ஷனில் இவை எதையும் செய்யக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். புஷ்ஷின் உள்குழாயை இரு தகடுகளுக்கிடையே நெரித்துப் பிடிப்பதே அந்த போல்ட்டின் வேலை. 12 மி.மீ. போல்ட்டை 90 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கினால், ஏறத்தாழ மூன்றே முக்கால் டன் எடைக்கு நிகரான பிடிப்பு விசை உண்டாகிறது. அந்த விசையால் எழும் உராய்வுதான் பிரேக் அடிக்கும்போதும் பள்ளத்தில் விழும்போதும் ஆர்மை அசையவிடாமல் காக்கிறது. பிடிப்பு தளர்ந்தால் குழாய் சிறிது சிறிதாக நகர்ந்து, துளையைக் கோழிமுட்டை வடிவமாக்கி, இறுதியில் போல்ட்டையே முறித்துவிடும்.

வழக்கமான தீர்வுகள் இங்கே பொருந்தவில்லை. 14 மி.மீ. மரை வெட்டலாமென்றால் அந்த போல்ட் புஷ்ஷின் 12 மி.மீ. குழாய்க்குள் நுழையாது. தேய்ந்த மரைக்குப் பதிலாகக் கம்பிச் சுருள் ஒன்றைப் புதிய மரையாகப் பதிக்கும் ஹெலிகாயில் மிக நல்ல முறை. அலுமினிய நக்கிளாக (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) இருந்திருந்தால் அதையே செய்திருப்பேன். ஆனால் அதற்கு நட்டைப் பெரிதாகத் துளையிட்டு மரை வெட்டிய பின், எஞ்சும் சுவர் மெலிந்துவிடும் என்று தோன்றியது.

எனவே பழைய நட்டை வெறும் இடைத்துண்டாக மாற்றினேன். அதன் வழியே 12.5 மி.மீ. டிரில்லை நேராகச் செலுத்தி, எஞ்சிய மரைகளை முற்றிலும் நீக்கினேன். அதற்கு அப்பால் தடித்த கடின வாஷர் ஒன்றையும், போல்ட்டின் தரத்துக்கு ஏற்ற புதிய நட் ஒன்றையும் வைத்து, 15 மி.மீ. நீளம் கூடிய, 10.9 என்னும் உயர்வலிமைத் தர போல்ட்டை, மரையில்லாத தண்டுப் பகுதி குழாய்க்குள் அமையுமாறு பார்த்து வாங்கிப் பூட்டினேன். நட்டை உள்ளே கொண்டு சேர்ப்பதுதான் கடினம். 6 மி.மீ. இரும்புப் பட்டையின் முனையில் நட்டின் இரு பக்கங்களையும் கவ்வுமாறு கவை ஒன்றை வெட்டி, வாஷரையும் நட்டையும் கெட்டிக் கிரீஸால் அதில் ஒட்டி, சட்டத்தில் ஏற்கெனவே இருந்த நீள்துளை வழியே செலுத்தினேன். போல்ட் மரையைப் பற்றும்வரை மிகுந்த பொறுமை வேண்டும். முறுக்கும்போது பட்டையின் வால் துளையின் விளிம்பில் முட்டிக்கொண்டு நட்டைச் சுற்றவிடாமல் நிறுத்தியது. வேலை முடிந்ததும் பட்டையை உருவிவிட்டேன்.

அத்தகைய துளை இல்லாத கார்களில் சட்டத்தை வெட்டி வழி செய்ய நேரிடும். அது தேர்ந்த வெல்டர் செய்ய வேண்டிய வேலை. தகடு துருவால் மெலிந்திருந்தாலோ துளை தேய்ந்திருந்தாலோ கிராஸ் மெம்பரையே மாற்றிவிடுவது நல்லது.

இறுதி முறுக்கை, சக்கரங்கள் தரையில் ஊன்றி, வண்டியின் எடை சஸ்பென்ஷன் மேல் அமர்ந்த பின்னரே முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் கொண்டு செய்ய வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ்ஷின் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும். போல்ட் தலையிலிருந்து சட்டம்வரை பெயிண்டால் ஒரு கோடு இட்டு, சுமார் 100 கி.மீ. ஓடிய பின் அது விலகியிருக்கிறதா என்று பார்த்தேன், விலகவில்லை. அதன் பிறகே வீல் அலைன்மென்ட்டுக்குக் கொண்டு சென்றேன்.