தேத்தண்ணியை எந்த வரியில் எழுதுவது?

அப்பா அண்ணாவியார், கூத்துப் பழக்கும் ஆசான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எங்கள் ஊரிலும் பக்கத்து நாலைந்து ஊர்களிலும் நாற்பது வருடமாக, பாட்டும் ஆட்டமுமான வடமோடி என்ற நாட்டுக்கூத்தைப் பழக்கி வருகிறார். நான் மட்டக்களப்பு நகரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். அதனால் எங்கள் ஊர்க் கூத்துக் கழகம் எந்த நிதியத்திடம் உதவி கேட்டாலும் அந்தப் படிவம் என்னிடம்தான் வரும். பன்னிரண்டு வருடத்தில் பதினேழு விண்ணப்பங்கள் எழுதியிருக்கிறேன். கிடைத்தது நாலு. இன்னொரு ஊர்க் கழகத்துத் தம்பி ஒருவர் போன கிழமை படிவத்தோடு வந்து, "அக்கா, இதில என்னத்தை எழுதுறது?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலாவதாகக் கிடைத்த உதவி உடுப்புக்கு. வெளிநாட்டு நிதியம் ஒன்று தந்தது. பெயர் வேண்டாம், நல்ல மனத்தோடுதான் தந்தார்கள். அவர்களுடைய பட்ஜெட் படிவத்தில் மேடை, ஒலி, ஒளி, உடை, பதாகை, சிற்றுண்டி என்று வரிகள் இருந்தன. மூன்று மாதத்துக்குள் செலவு முடித்து அறிக்கை அனுப்ப வேண்டும். கூத்துப் பழகி முடிக்கவே ஐந்து மாதம் வேண்டும். ஆகவே விடிய விடிய ஆட வேண்டிய கூத்தை ஒன்றரை மணித்தியாலமாக வெட்டி, மூன்று கிழமை ஒத்திகை பார்த்து, நகரத்தில் ஒரு மண்டபத்தில் ஆடினோம். படங்கள் அழகாக வந்தன. வேடத்துக்குக் கட்டும் கரப்புடுப்பும் கிரீடங்களும் கழகத்து அறைக்குள் போயின. இரண்டு மாரி கழித்துத் திறந்து பார்த்தபோது பாதியைக் கறையான் தின்றிருந்தது. உடுப்பு இருந்தது, அதைக் கட்டி ஆடுவதற்குப் பழகிய பொடியன்கள் இல்லை. அன்றைக்கு அந்த அறை வாசலில் நின்று நான் அழுதேன்.

கூத்து எப்படி உருவாகிறது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அறுவடை முடிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் கூடி, எந்தக் கூத்து என்று தீர்மானித்து, வெற்றிலை வைத்து அண்ணாவியாரை அழைப்பார்கள். ஆளைப் பார்த்து, குரலைப் பார்த்து, உயரத்தைப் பார்த்து யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பிரிப்பது சட்டம் கொடுத்தல். ஒவ்வொருவரும் தன் பாட்டைக் கொப்பியில் எழுதிக்கொள்வார். சின்ன வயதில் அந்தக் கொப்பிகளில் பாதி என் கையெழுத்துத்தான். பெண் பிள்ளை ஆட முடியாத காலம், எழுதத் தடையில்லை. மறுகா மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். தாளக்கட்டுக்குக் கால் பிடிபட்ட பிறகுதான் சதங்கை கட்டுவார்கள். அதற்குப் பிறகு அடுக்குப் பார்ப்பது, அதாவது முழு ஒத்திகை, கடைசியில் வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளம் கட்டி அரங்கேற்றம். அதற்கும் பிறகு வீடு வீடாகப் போய் ஆடுவதும் உண்டு, வீட்டுக்காரர் தங்களால் முடிந்ததைக் கொடுப்பார்கள். ஊர் தன்னிடம் இருந்ததை வைத்து இந்தச் செலவைச் சமாளித்து வந்த முறை அது.

இதில் காசு எங்கே போகிறது? அரங்கேற்ற இரவுக்குக் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் அந்த மாதங்களுக்கு. கடைசியாகப் போட்ட விண்ணப்பத்துக்காக நான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். 28 பேர், ஏறத்தாழ 80 இரவுகள். ஆளுக்கு ஒரு தேத்தண்ணி என்றால் 2,240 கோப்பை. சீனி விற்கும் விலையில் இது சின்னக் காசில்லை. பகலெல்லாம் மேசன் வேலைக்கும் வயலுக்கும் போய்விட்டு வரும் பொடியன்கள், இரவு பன்னிரண்டு மணி வரைக்கும் துள்ளி ஆடுகிறவர்கள், வெறும் வயிற்றோடு எப்படி ஆடுவார்கள்? இதற்கு எந்தப் படிவத்திலும் வரி கிடையாது. "சிற்றுண்டி" என்ற வரி விழா நாளுக்கு வரும் விருந்தினருக்கானது.

மத்தளமும் அப்படித்தான். போன மாதம் அப்பாவுடைய மத்தளத்தின் வலந்தலை, வலது பக்கத் தோல், கிழிந்துவிட்டது. அது கொஞ்ச நாளாகவே பனி இரவுகளில் தொய்ந்துபோகும். அப்பா நெருப்பில் காட்டிக் காட்டி, விரலால் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டு, திரும்பவும் காட்டுவார். கிழிந்த பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு ஐயாவிடம் கொண்டுபோனோம். தோலை ஊறவைத்து, வட்டமாக வெட்டி, வார் கோத்து, காலால் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்து, வெயிலில் வைத்து, திரும்ப இழுத்து, இரண்டு நாள் வேலை. வார் இழுத்து இழுத்து அவருடைய உள்ளங்கையில் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருக்கிறது. அவரிடம் பில் புத்தகம் இல்லை. நிதியங்கள் மூன்று கொட்டேஷன் கேட்கும். எங்கள் பக்கத்தில் மத்தளம் கட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, கையொப்பம் வாங்கினேன். கணக்காய்வாளருக்கு ஒரு விளக்கக் கடிதமும் இணைத்தேன். இதை எழுதக் காரணம், மற்றக் கழகங்களும் அப்படிச் செய்யலாம். பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

அப்பா ஒருநாள் கேட்டார்: "இவங்க ஆரு புள்ள? நம்மளக் கண்டதுமில்ல. ஏன் காசு தாறாங்க?"

தெரிந்ததைச் சொன்னேன். காரில் சம்பாதித்த ஃபோர்ட் குடும்பம் 1936இல் ஒரு நிதியம் தொடங்கியது. அந்தக் காசில் ஒரு பகுதிதான் சென்னையில் 1997இல் நாட்டார் வழக்காற்றியலுக்கென்று ஒரு தேசிய உதவி மையம் உருவாகக் கைகொடுத்தது. எண்ணெயில் பணம் சேர்த்த குல்பென்கியான் என்ற ஆர்மேனியர் லிஸ்பனில் இறந்த பிறகு, 1956இல் அவர் பெயரில் வந்த நிதியம் கலைக்கும் அறப்பணிக்கும் அறிவியலுக்கும் கல்விக்கும் செலவிடுகிறது. நம்முடைய விபுலானந்த அடிகளின் யாழ் நூலும் 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் முன்வந்து பதிப்பித்ததால்தானே புத்தகமாக நம் கைக்கு வந்தது? காரைதீவில் பிறந்தவரின் பல வருட ஆராய்ச்சி அது. அத்தனை வருடம் ஒருவர் இருந்து யோசிக்க இடமும் சாப்பாடும் கொடுத்தவர்கள் இருந்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு நம் ஊரிலேயே இருக்கிறது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் பேசும் போர்த்துக்கேய மொழி. வீட்டில் அதைப் பேசுகிறவர்கள் இப்போது மிகக் குறைவு. அழியும் மொழிகளை ஆவணப்படுத்த ஆர்க்காடியா என்ற நிதியம் கொடுத்த காசில், லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹியூகோ கார்டோசோவும் அவருடைய குழுவினரும் இங்கே வந்து, அந்தப் பேச்சையும் பாட்டையும் ஒலியாகவும் ஒளியாகவும் பதிந்தார்கள். ஒரு நாள் விழா வைத்துவிட்டுப் போகவில்லை. திரும்பத் திரும்ப வந்தார்கள், வீடுகளில் இருந்து கேட்டார்கள். அந்த மாதிரிக் காசைத்தான் நான் நல்ல காசு என்பேன்.

"சாப்பாட்டுக்கே வழியில்லாத இடத்தில் கலைக்கு எதற்குக் காசு?" என்று என் அலுவலகத்திலேயே கேட்கிறவர்கள் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நான் கல்லடிப் பக்கத்து முகாம் ஒன்றில் நிவாரணப் பதிவு எழுதினேன். அப்போது எனக்கு இருபத்தொரு வயது. அரிசி, பருப்பு, பாய், வாளி எல்லாம் வந்தன. அவை வராமல் யாரும் உயிரோடு இருந்திருக்க முடியாது. ஆனால் நாவலடியில் தாயை இழந்த ஒரு சின்னப் பிள்ளை பத்து நாளாக வாய் திறக்கவில்லை. யாரோ ஒருவர் களிமண் கொண்டுவந்து பிள்ளைகள் முன்னால் வைத்தார். அது ஒரு தோணி செய்தது. செய்துவிட்டு அதன் பெயரைச் சொன்னது. அந்தப் பெயர் என்னவென்று நான் இங்கே எழுதமாட்டேன். அன்றிலிருந்து அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது.

மட்டக்களப்பு அதை முன்னரே அறிந்த இடம். போர் நடந்துகொண்டிருந்த 1996இலேயே, அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாவைச் சேர்ந்த ஓவியர் போல் ஹோகனும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பஸ்ஸில் வந்து, ஒன்றாக இருந்து கீறி, மண் பிசைந்து, கதை சொன்னார்கள். வெளிநாட்டு உதவியில் நடந்தது. அதே வருடம் நெதர்லாந்தில் இளவரசர் கிளாஸ் நிதியம் தொடங்கியது. 2003இல் பக்தாத் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டதும் அவர்கள் பண்பாட்டுக்கென்றே ஒரு அவசர உதவித் திட்டத்தைத் தொடங்கினார்கள். அழிவு நடந்த இடத்துக்கு மருந்து போவதுபோலச் சுவடிகளையும் கட்டடங்களையும் காப்பாற்றவும் ஆட்கள் உடனே போகவேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

சரி, எங்கள் கூத்துக்கு வருகிறேன். நாலாவது உதவி கிடைத்தது இந்த வருடம். கொழும்பிலுள்ள சிறிய நிதியம் ஒன்று. அவர்களுடைய அலுவலர் ஒரு பெண். பணம் தருவதற்கு முன்னர் நேரில் வந்தார். வரவேற்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரவு எட்டரையிலிருந்து பழக்கம் முடியும் வரைக்கும் பாயில் குந்தி இருந்தார். பொடியன் ஒருவன் பாத்திரம் களரிக்குள் வரும்போது ஆடும் ஒரே வரவுத் தாளத்தைப் பதினொரு தரம் பிழைவிட்டு ஆடியதையும், அப்பா பதினொரு தரமும் மத்தளத்தை நிறுத்தித் திரும்பத் தொடங்கியதையும் பார்த்தார். போகும்போது என்னிடம், "இதில் எதற்குச் செலவு?" என்று கேட்டார். தேத்தண்ணிக் கணக்கைக் காட்டினேன். "இதையே ஒரு வரியாக எழுதுங்கள்" என்றார். அண்ணாவியார் கொடுப்பனவு, இரண்டு மத்தளம், தேத்தண்ணி, பொடியன்கள் இருவருக்கு மத்தளம் பழக ஒரு வருடம். மொத்தம் 340,000 ரூபாய். பதாகைக்கு ஒரு சதமும் இல்லை.

அப்பாவுக்கு அவர் இருந்து பார்த்ததுதான் பெரிய விஷயம். "அந்தக் காலத்தில போடியார் கூத்துக்கு அவணக்கணக்கில நெல்லுக் குடுப்பார். குடுத்துப்போட்டு வந்து களரியடியில குந்தி விடியமட்டும் பாப்பார். பிழை விட்டா அவருக்கும் தெரியும்" என்றார். போடியார் என்றால் ஊரின் பெரிய வயல்காரர், அவணம் நெல் அளவு.

ஆகவே தம்பி, படிவத்தில் வரி இல்லையென்றால் கீழே "வேறு" என்ற இடத்தில் இரவுகளின் எண்ணிக்கையை எழுதுங்கள். விழா நாளை மட்டும் விற்காதீர்கள். வந்து ஒரு இரவு இருக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வைகாசியில் அரங்கேற்றம். அந்த அலுவலருக்கு வெற்றிலை வைத்துத்தான் சொல்லவேண்டும், தொலைபேசியில் சொல்வது முறையில்லை என்று அப்பா நிற்கிறார். அடுத்த மாதம் அலுவலகக் கூட்டத்துக்குக் கொழும்பு போகிறேன். இரவு ரயிலில் வெற்றிலை வாடாமல் கொண்டுபோக ஈரத் துணி சுற்றி வைக்கச் சொல்லியிருக்கிறார்.