காய்ச்சலே இல்ல, ஆனா வலிப்பு வந்துச்சு

போன வருஷம் ஜனவரில நடந்தது இது. எழுதணும் எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போயிட்டே இருந்துச்சு. நேத்து ஆபீஸ்ல ஒருத்தர், பையனுக்கு வாந்தி பேதின்னு லீவு போட்டவரு, திடீர்னு பிட்ஸ் வந்துருச்சுங்கன்னு போன்ல அழுதாரு, அதான் இன்னைக்கு உக்காந்துட்டேன்.

பாப்பாவுக்கு அப்ப 19 மாசம். சனிக்கிழமை ராத்திரி வாந்தி, ஞாயித்துக்கிழமை தண்ணி தண்ணியா ஏழெட்டு தடவ போயிட்டா. காய்ச்சல் சுத்தமா இல்ல. "மாப்ள, இது தொக்கம், எதையோ முழுங்கிட்டா, எடுத்துட்டு வந்துரலாம்"னு எங்க அத்தை. பல்லு மொளைக்குது அதான்னு பக்கத்து வீட்டம்மா. நான்தான் படிச்ச மேதாவியாச்சே, மெடிக்கல்ல ஓஆர்எஸ், அதான் பேதிக்குக் குடுக்கிற உப்பு சக்கரைப் பொடி, பெரிய பாக்கெட் வாங்கிட்டு வந்து கரைச்சேன். எதுல? ஒரு டம்ளர் தண்ணில, முழு பாக்கெட்டையும். அவ மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டே நாலஞ்சு ஸ்பூன் குடிச்சா, மிச்சத்த அடுத்த வேளைக்குன்னு மூடி வச்சேன்.

திங்கக்கிழமை மத்தியானம் அவங்கம்மா மடியில அழுதுக்கிட்டு இருந்தவ சட்டுனு அழுகைய நிறுத்துனா. கண்ணு மேல சொருகிருச்சு, கையும் காலும் வெறச்சு வெட்டி வெட்டி இழுக்குது, உதடு நீலமா ஆயிருச்சு. ரெண்டு நிமிஷம்கூட இருக்காது, எங்களுக்கு அது முடியவே இல்ல. அத்தை ஓடிப்போய் பீரோ சாவியக் கொண்டாந்து கையில திணிச்சாங்க, நான் பல்லக் கடிச்சுக்குவாளோன்னு வாயில ஸ்பூன விடப் பாத்தேன். ரெண்டுமே தப்பு, ஸ்பூன் ரொம்பவே தப்பு. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, வாயில எதையும் விடாம, மணியப் பாத்துக்கணும், அவ்வளவுதான். அஞ்சு நிமிஷம் தாண்டுனா ரொம்ப சீரியஸ், ஆனா மொத தடவ வர்ற வலிப்புன்னா அர நிமிஷத்துல நின்னாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடிரணும்.

கேஷுவாலிட்டில நர்ஸ் மொதல்ல விரல்ல குத்தி சுகர் பாத்தாங்க. சாப்பிடாம வாந்தி எடுத்த பிள்ளைக்கு சுகர் எறங்கியும் வலிப்பு வரும்ல, அதுக்காக. சுகர் நார்மல். டிரிப்ஸ் ஏத்துற வென்ஃப்ளான் போட ஊசியக் குத்துனதும் வீல்னு கத்துனா, கத்திக்கிட்டே இருக்கும்போது ரெண்டாவது தடவ இழுத்துருச்சு. வலிப்ப நிறுத்துற மிடசோலம் மருந்த மூக்குல ஸ்ப்ரே அடிச்சாங்க. அப்புறம் டாக்டரம்மா என்னப் பாத்து ஒரே கேள்வி, "ஓஆர்எஸ் எவ்வளவு தண்ணில கலக்குனீங்க?"

சொன்னேன். அவங்க திட்டல. பெரிய பாக்கெட்டுக்கு 1 லிட்டர், சின்ன பாக்கெட்டுக்கு 200 மில்லி, கொறச்சு ஊத்துனா உப்பு ஏறி ரத்தத்துல சோடியம் கூடும், அதுலயும் பிட்ஸ் வரலாம்னு மட்டும் சொல்லிட்டு பிளட் எடுத்து அனுப்புனாங்க. ரிசல்ட் வர ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் லேப் வாசல்ல நான் நின்ன நிலைய என் பொண்டாட்டிகிட்டகூட இன்னும் சொல்லல, பிள்ளைக்கு நானே விஷத்தக் கொடுத்துட்டேன்னுதான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. சோடியம் 138. நார்மல் 135ல இருந்து 145. கால்சியமும் நார்மல்.

அப்பதான் டாக்டரம்மா உக்கார வச்சு வெளக்குனாங்க. ஜப்பான்ல மொரூகாங்கிற டாக்டர் 1982லயே எழுதி வச்ச விஷயமாம் இது. ஆறு மாசத்துல இருந்து மூணு வயசுக்குள்ள இருக்கிற, அதுவரைக்கும் நல்லா இருந்த பிள்ளைக்கு, சாதாரண வைரஸ் பேதில, பெரும்பாலும் ரெண்டாவது மூணாவது நாள்ல, காய்ச்சலும் இல்லாம சோடியம் சுகர் எதுவும் கெடாம வலிப்பு வரும். ஒண்ணோட நிக்காது, ஒரே நாள்ல கொத்தா ரெண்டு மூணு வரும், வலியும் அழுகையும்கூட அதக் கெளப்பி விடும். நடுவுல பிள்ளை முழிச்சு அம்மாவப் பாத்து சிரிக்கும். எங்களுக்கும் அப்படியேதான், ராத்திரி மூணாவது ஒண்ணு வந்துச்சு, அதோட சரி. ரோட்டா வைரஸ், நோரோ வைரஸ் ரெண்டுலயும் வருமாம். எதனாலன்னு இன்னும் முழுசா பிடிபடல, சில பிள்ளைங்க முதுகுத்தண்டு நீர்லயே ரோட்டாவோட ஜீன் துண்டு கெடச்சிருக்கு, பல பேருக்கு கெடைக்கல.

முதுகுல ஊசி போட்டு நீர் எடுப்பீங்களான்னு கேட்டேன். முழிச்சு வெளையாடுறா, காய்ச்சல் இல்ல, இப்ப வேண்டாம்னாங்க. ஆனா வலிப்பு நின்ன பிறகும் பல மணி நேரம் மயக்கமாவே கெடந்தா, அம்மாவ அடையாளம் தெரியலன்னா, நடை தள்ளாடுனா, பேசுற பிள்ளை பேச்ச விட்டுட்டா விஷயம் வேற. அபூர்வமா இதே வைரஸ்கள்ல மூளையே பாதிக்கும், எம்ஆர்ஐ எடுத்தாகணும், சிலருக்கு மூளையோட ரெண்டு பாதியையும் இணைக்கிற பாலத்துல ஒரு வெள்ளைத் தடம் தெரியும், சிறுமூளையும் பாதிக்கப்படலாம். அந்த ராத்திரி பூரா அவள எழுப்பி எழுப்பி "அப்பா எங்க?"ன்னு கேட்டே கொன்னுட்டேன், பாவம்.

சொட்டு மருந்துதான் போட்டோமேன்னு எம் பொண்டாட்டிக்கு கோவம். கவர்மெண்ட்ல 6, 10, 14 வாரத்துல குடுப்பாங்களே அந்த ரோட்டா மருந்து, நம்ம ஊர்ல 2017ல வந்தது. 1985 வாக்குல டெல்லி எய்ம்ஸ்ல பொறந்த குழந்தைங்ககிட்ட இருந்து பிரிச்செடுத்த வைரஸ்ல செஞ்ச ரோட்டாவேக், வேலூர், புனே, டெல்லில 6,799 குழந்தைங்ககிட்ட சோதிச்சதுல கடுமையான ரோட்டா பேதிய மொத வருஷம் பாதிக்குக் கொஞ்சம் மேல, 56 சதவீதம் தடுத்துச்சு. கொறச்சலா தெரியும், ஆனா இவ்வளவு பிள்ளை பொறக்குற நாட்டுல அது பெரிய விஷயம்னுதான் எனக்குப் படுது. நோரோவுக்கு அது ஒண்ணும் செய்யாது. பாப்பாவோட மோஷன் டெஸ்ட்ல ரோட்டா நெகட்டிவ்தான்.

டிஸ்சார்ஜ்ல பிட்ஸ் மாத்திரையே எழுதல, 14 நாளைக்கு ஜிங்க் மட்டும். அப்புறம் எடுத்த ஈஈஜியும், மூளையோட மின்துடிப்பப் பாக்குற டெஸ்ட், நார்மல். போன்ல விசாரிச்ச ஒரு மாமா மட்டும் இன்னும் விடல, மூணு வருஷமாச்சும் மாத்திரை போட்டாத்தான் ஆச்சுங்கிறாரு, அவரு போன எடுக்கிறதையே நிறுத்திட்டேன்.

போன மாசம் திரும்ப வாந்தி பேதி. 1 லிட்டர் தண்ணி பாட்டில அளந்து ஓஆர்எஸ் கலக்கி, ரெண்டு ராத்திரி தூங்காம பக்கத்துல கெடந்தேன். வலிப்பு வரல. மூணாம் நாள் காலைல போர்வைய மடிக்கும்போது தலகாணிக்கு அடியில பீரோ சாவி இருந்துச்சு. அத்தைகிட்ட ஒண்ணும் கேக்கல, பீரோவுலயே மாட்டிட்டேன்.