யாழினியின் 'ழ'வும் ஜெர்மன் பதிவு அலுவலகமும்

மகள் பிறந்த பதினோராம் நாள், தையல் வலி முழுதாக ஆறாத நிலையில், அவளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு டிராம் ஏறிப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். அரை மணி நேரத்தில் ஒரு வேலையும் நடக்காமல் திரும்பி வந்தேன். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பெயரைத் தேடுவதற்கு ஏழு மாதம் செலவழித்த எங்களுக்கு, தேடிய பெயரைத் தாளில் ஏற்றுவதற்கு இத்தனை பாடு இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஜெர்மனியில் இதே வழியில் வரப்போகும் பெற்றோருக்காவது பயன்படட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

என் கணவர் ஜெர்மானியர். நான் தமிழ்ப் பெண். பெயரின் பொருள் குறித்து எங்களுக்குள் ஒரு சண்டையும் வரவில்லை. வந்ததெல்லாம் ஒலியை வைத்துத்தான். மாமியார் ஆசையோடு முதலில் சொன்ன பெயர் அன்னா. என் அம்மா அதைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, "பொம்பளப் பிள்ளையைப் போய் அண்ணான்னு கூப்பிடுறதா?" என்றார். பதிலுக்கு நான் உமா என்றேன்; ஜெர்மனில் 'ஓமா' என்றால் பாட்டி. தங்கை அனுப்பிய பட்டியலில் இருந்த அர்ஷிதாவைப் படித்ததும் கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து போய்விட்டார்; அந்தப் பெயரின் முன்பாதி இங்கே உடலின் பின்புறத்தைச் சொல்லும் வசைச்சொல்.

நிலா என்ற பெயரைக் கிட்டத்தட்ட முடிவு செய்தே விட்டோம். ஆனால் அழுத்தம் விழும் அசை உயிரொலியில் முடிந்தால் ஜெர்மானியர் அதை நீட்டித்தான் சொல்வார்கள் என்பதால், எங்கள் நிலா அவர்கள் வாயில் நீலா ஆனாள். குறிலாக ஒலிக்க வேண்டுமானால் எல் எழுத்தை இரட்டிக்க வேண்டும் என்றார் கணவர். இரட்டித்தால் எனக்கு அது 'நில்லா' என்று காதில் விழுந்தது. மீராவுக்கு வேறு சிக்கல். நம் ஊர் வழக்கப்படி இரண்டு ஈ போட்டு எழுதினால் இங்கே மேரா என்று படிப்பார்கள். ஒற்றை ஐ போட்டால் சரியாக மீரா என்றே வரும். அதையே வைத்திருப்போம், நாத்தனார் வீட்டு நாய்க்கு அதே பெயர் இல்லாமல் இருந்திருந்தால்.

யாழினி என்று நான் சொன்னபோது கணவர் உடனே தலையாட்டினார். யாழின் பெயர் தாங்கியவள் என்பது அவருக்கும் பிடித்தது. நாம் பழகியபடி ழகரத்துக்கு இசட்-எச் போட்டு ஒரு தாளில் எழுதி, என் மருத்துவரின் வரவேற்பறையில் இருந்த பெண்மணியிடம் நீட்டி, இதை உரக்கப் படியுங்கள் என்று கேட்டேன். "யாட்ஸ்ஹினி" என்றார். ஜெர்மனில் இசட் என்றால் 'ட்ஸ்'. பள்ளி முடியும்வரை என் மகள் நாள்தோறும் தும்மலைப் போல ஒரு பெயரைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா என்று இரண்டு நாள் மனம் சரியில்லை. எல் எழுத்து போட்டு எழுதுவது ழகரத்துக்குச் செய்யும் துரோகம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். கணவர்தான், "தமிழ் என்ற சொல்லையே நீங்கள் எல் போட்டுத்தானே எழுதுகிறீர்கள்?" என்று கேட்டு என் வாயை அடைத்தார். இந்த வரவேற்பறைச் சோதனையை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன்: பெயரை வாயால் சொல்லாமல், எழுதிக் கொடுத்து, முன்பின் தெரியாத ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு மொழிக்கும் பொருந்தும் பெயர் எளிதில் கிடைத்துவிடும். இரண்டுக்கும் பொருந்தும் எழுத்துக்கூட்டல்தான் கிடைக்காது.

பிரசவம், மருத்துவமனை எல்லாம் நல்லபடியாக முடிந்தன. பிறப்பை ஒரு வாரத்துக்குள் பதிவு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். அதை மருத்துவமனையே செய்துவிடும். ஆனால் பெயரைச் சொல்ல ஒரு மாத அவகாசம் உண்டு என்பதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் செவிலியர் நீட்டிய படிவத்தை நான் அரைத்தூக்கத்தில் இருந்தபோது கணவர் நிரப்ப, இருவரும் கையெழுத்திட்டோம். அதன் விளைவைப் பதினோராம் நாள் பதிவு அலுவலக முகப்பில்தான் பார்த்தேன். யகர ஒலி என்றால் ஜெர்மானியர் கை தானாக ஜே எழுத்துக்குத்தான் போகும். அவர் வொய்க்குப் பதில் ஜே போட்டிருந்தார். இந்தியாவில் அதைப் பார்ப்பவர்கள் ஜாலினி என்றல்லவா படிப்பார்கள்! அங்கேயே திருத்தித் தாருங்கள் என்றேன். பெயர் அறிவிப்பில் பெற்றோர் இருவரும் கையெழுத்திட வேண்டும், கணவர் வரவில்லையே என்றார் அலுவலர்.

அது மட்டுமா? இப்படி ஒரு பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை, இது பெண்ணின் பெயர் என்பதற்குச் சான்று வேண்டும், இல்லையென்றால் பெண் என்று தெளிவாகத் தெரியும் இரண்டாவது பெயர் ஒன்றைச் சேருங்கள் என்றார். அதன்பிறகு என் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் புரட்டி, "இதில் உங்கள் பெயர் எங்கே?" என்று கேட்டார். நம்மில் பலருக்கு இருப்பதைப் போல, பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தது. மகளுக்குப் பெயர் வைக்கப் போன இடத்தில் எனக்கே பெயர் இல்லை என்று ஆனபோது அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. குழந்தை எனக்காகவும் சேர்த்து அழுதாள்.

ஊரில் என் தம்பி நகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தான். பிறப்பைப் பதிவு செய்த பதினைந்து ஆண்டுக்குள் பெயரைச் சேர்க்க வேண்டும் என்பது விதி. அதைத் தாண்டியவர்களுக்கும் தமிழக அரசு அப்போது அவகாசம் நீட்டித்திருந்தது எங்கள் நல்ல நேரம். புதிய சான்றிதழ் வந்து, அதை இங்கே நீதிமன்ற அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து வாங்குவதற்குள் வாரங்கள் ஓடின. பெயர்த் திருத்தத்தை மட்டும், ஒரு மாதக் கெடு முடியும் முன்பே இருவர் கையெழுத்தோடு எழுதி அனுப்பிவிட்டோம். நினைத்துப் பார்த்தால், என் பெயரற்ற சான்றிதழ்தான் மகளின் பெயரைக் காப்பாற்றியிருக்கிறது. தாள்கள் எல்லாம் சரியாக இருந்திருந்தால் ஜே எழுத்தோடு பதிவு முடிந்து சான்றிதழே வீட்டுக்கு வந்திருக்கும். பதிவான பெயரை மாற்ற வேண்டுமென்றால் சட்டம் 'முக்கியக் காரணம்' கேட்கும்.

இரண்டாவது முறை கணவரோடும் இரண்டு தாள்களோடும் போனேன். ஒன்று, வீஸ்பாடனில் உள்ள ஜெர்மன் மொழிக் கழகத்திடம் கட்டணம் செலுத்தி வாங்கிய பெயர்ச் சான்று. மற்றொன்று, கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 2008 டிசம்பர் 5 அன்று வழங்கிய தீர்ப்பின் நகல். முதல் பெயரைக் கேட்டவுடன் ஆணா பெண்ணா என்று தெரிந்தாக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை என்று அது சொல்கிறது. அந்த வழக்கே கிரண் என்ற நம் நாட்டுப் பெயரைத் தாங்கிய ஒரு சிறுமிக்காக நடந்தது. அலுவலர் முதல் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தட்டச்சு செய்யத் தொடங்கினார். அச்சாகும் முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். அவருக்குப் பிடிக்கவில்லை, எனக்குக் கவலையும் இல்லை. குடும்பப் பெயர் கட்டத்தில் என் தலைப்பெழுத்தை விளக்கிய கதை தனி.

குழந்தை உதவித்தொகைக்கும் பெற்றோர் உதவித்தொகைக்கும் உரிய சான்றிதழ்களை இலவசமாகவே தருவார்கள். வெளிநாட்டு இந்தியர் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது ஆங்கிலமும் அடங்கிய பன்மொழிச் சான்றிதழ் கையில் இருந்தால் மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம். அதைத் தனியாகக் கேட்டுப் பணம் கட்டி வாங்க வேண்டும். கேட்க மறந்து நான் மூன்றாவது முறையும் டிராம் ஏறினேன்.